நல்ல கிளினிக் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஆகட்டும், வேறு எந்தத் தோட்டப்புறப் பட்டணம் ஆகட்டும், யாரையாவது நிறுத்தி "இங்கே நல்ல கிளினிக் எது?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும். "அந்த டாக்டர் கைராசிக்காரர்." "அங்கே ஒரு ஊசி போட்டா மறுநாளே வேலைக்குப் போயிடலாம்." "கவர்மெண்ட் கிளினிக்கா? பானடோல் கொடுத்து அனுப்பிடுவாங்க." "அங்கே மிஸி (நர்ஸ்) எரிஞ்சு எரிஞ்சு விழும், நான் போறதில்லை." டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாரா என்பதைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். பேச வழியில்லை. அது நம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம் இல்லை.

இன்னொரு பக்கம், மருத்துவத்துக்கு மார்க்கெட்டிங் என்று பேச்செடுத்தாலே முகம் சுளிப்பவர்கள் நிறைய. வைத்தியத்தையும் வியாபாரமாக்கிவிட்டார்கள் என்கிற கோபம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மார்க்கெட்டிங் என்றதும் பேனரும் ஃபேஸ்புக் விளம்பரமும் மட்டுமே நினைவுக்கு வருவதால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு கிளினிக்கைப் பற்றி நோயாளி மனதில் ஓர் எண்ணம் எப்படி உண்டாகிறது, அந்த எண்ணத்துக்கும் உண்மையான வைத்தியத் தரத்துக்கும் எவ்வளவு தூரம், கிளினிக் நடத்துகிறவர் அதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பவைதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகள். மேலாண்மைப் படிப்புக்குப் போகாதவர்களுக்கும் இவை புரியும்.

## தேங்காய், மீ கோரேங், மோட்டார்

பசாரில் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம், காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். நல்லதா இல்லையா என்பது காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கடையில் மீ கோரேங் சொன்னால் சாப்பிட்ட பிறகுதான் தெரியும். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு கடை. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விடுகிறோம். பிரித்துப் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு அண்ணே, மாத்தணும்" என்கிறார். மாற்றுகிறார், காசு கொடுக்கிறோம், வண்டி ஓடுகிறது. உண்மையிலேயே ரிங் போயிருந்ததா? வண்டி ஓடிய பிறகும் அது நமக்குத் தெரியாது.

பொருளாதார அறிஞர்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டைப் பற்றி ஃபிலிப் நெல்சன் 1970-இல் எழுதினார். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-இல் மூன்றாவதைச் சேர்த்தார்கள். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அதன் தரத்தை வாங்கியவரால் உறுதி செய்துகொள்ள முடியாத சேவை அது. இங்கே அதை நம்பிக்கைச் சேவை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்தின் பெரும்பகுதி இந்த வகைதான்.

மோட்டாரைவிட உடம்பில் சிக்கல் கூடுதல். ரிங் தானாகச் சரியாகாது. சாதாரண சளிக்காய்ச்சல் தானாகவே போய்விடும். இரண்டாம் நாள் ஒருவர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார். மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் தனியார் கிளினிக், ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை. ஐந்தாம் நாள் உடம்பு லேசாகிவிட்டது. எந்த டாக்டருக்குக் கைராசி என்ற பெயர் கிடைக்கும்? ஊசி போடாமலிருந்தாலும் ஐந்தாம் நாள் விட்டிருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. கடைசியாகப் பார்த்தவருக்குப் பாராட்டு, முதலில் பார்த்தவருக்குத் திட்டு. கைராசியில் ஒரு பங்கு, நோயாளி எத்தனையாவது நாள் வந்தார் என்பதைப் பொறுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

டிங்கியில் இது விளையாட்டு இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் ஆபத்தான கட்டம். ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்துபோகலாம். டிங்கி வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. நீராகாரம், பாராசிட்டமால், அன்றாட ரத்தப் பரிசோதனை, இதுதான் சரியான வைத்தியம். தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும்; ஆஸ்பிரின் கூடாது. நோயாளியின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? "மருந்தே கொடுக்கல, தினமும் கூப்பிட்டு ரத்தம் மட்டும் எடுக்கிறாங்க." காய்ச்சல் இறங்கியதும் "சுகமாயிடுச்சு" என்று அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார். ஒழுங்கான வைத்தியம் அலட்சியமாகத் தெரிகிறது, ஆபத்து சுகமாகத் தெரிகிறது.

இதுவரை பார்த்தது: மருத்துவம் ஒரு நம்பிக்கைச் சேவை. அதன் உள்தரத்தை நோயாளியால் நேரே பார்க்க முடியாது. சில சமயம் பலனை வைத்துக்கூடச் சொல்ல முடியாது.

## அடையாளங்களைப் பார்த்து எடை போடுகிறோம்

உள்ளே நடப்பது தெரியாதபோது வெளியே தெரிவதை வைத்து முடிவுக்கு வருகிறோம். தரை சுத்தமா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, டாக்டர் நம் முகத்தைப் பார்த்துப் பேசினாரா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாரா, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாரா. இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்கள் சேர்ந்து ஓர் இடத்தைப் பற்றி நமக்குள் உண்டாகும் மொத்த எண்ணத்துக்குத்தான் மனப்பதிவு என்று பெயர்.

மனப்பதிவை அளக்க முடியுமா? சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமனும், அவரோடு வேலரி ஸைத்தமல், லெனர்ட் பெரி ஆகியோரும் 1988-இல் செர்வ்குவால் என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். ஐந்து தலைப்புகளின் கீழ் 22 கூற்றுகள். முதலில் வங்கி, கடன் அட்டை போன்ற சேவைகளை வைத்து உருவாக்கியது. பிறகு உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கட்டடம், கருவி, உடை என்று கண்ணில் படுபவை முதல் தலைப்பு. மற்ற நான்கும், சொன்னபடி செய்வது, சுறுசுறுப்பாகக் கவனிப்பது, நம்பிக்கை ஊட்டும் அறிவும் பண்பும், ஆளை ஆளாக மதித்து அக்கறை காட்டுவது.

இந்த ஐந்தில் கிளினிக்குகள் காசு செலவழிப்பது பெரும்பாலும் முதலாவதில்தான். சோபா, டி.வி., ஏர்கோன். ஆனால் அந்த ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி கண்டது, வாடிக்கையாளருக்கு எல்லாவற்றிலும் முக்கியமாக இருந்தது சொன்னபடி செய்வது. கதவில் 8.30 என்று எழுதிவிட்டு டாக்டர் 9.15-க்கு வந்தால் சோபா எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பயனில்லை.

கடைசித் தலைப்பான அக்கறை, தோட்டப்புறத்தில் பாதிக்குமேல் மொழியில் இருக்கிறது. மலாயில் சமாளித்துப் பேசுகிற பாட்டிகூட, வலி எப்படி இருக்கிறது என்று தமிழில்தான் சொல்வார். சுருக்கென்று குத்துகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, கடுக்கிறதா, காந்துகிறதா என்பதை "சாக்கித்" (வலி) என்ற ஒரே மலாய்ச் சொல்லில் அடக்கிவிட்டால் டாக்டருக்கும் நஷ்டம். கவுண்டரில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இருப்பது மார்க்கெட்டிங்காகவும் ஆகிறது, நோயைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேரும் இடங்கள் இப்படி நிறைய உண்டு.

விலையும் ஓர் அடையாளம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மீதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. ஆனால் "ஒரு வெள்ளிக்கு என்ன பெரிய வைத்தியம் பார்த்துவிடப் போகிறார்கள்" என்ற நினைப்பு நம் ஆட்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எனக்கு இதில் ஆதங்கமே உண்டு. இனிப்பு நீர் எனும் நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதக்கணக்கில் மருந்து, ரத்தப் பரிசோதனை, கண், கால் பரிசோதனை என்று வரிசையாகத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு அந்த ஒரு வெள்ளிக் கிளினிக்கில்தான் இருக்கிறது. அதை மலிவு என்று ஒதுக்கிவிட்டு, கூட்டாளி விற்கிற மருந்து பாட்டிலுக்கு முந்நூறு வெள்ளி கொடுக்கிறோம்.

## திருப்தி ஒரு கழித்தல் கணக்கு

ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே மருந்து. ஒருவர் திருப்தியாக வெளியே வருகிறார், இன்னொருவர் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். காரணம், உள்ளே போகும்போது கொண்டுபோன எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததாக உணர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் திருப்தி. 1980-இல் ரிச்சர்ட் ஆலிவர் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். சேவை மாறாவிட்டாலும் எதிர்பார்ப்பு மாறினால் திருப்தி மாறிவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? தோட்டத்து மக்களுக்கு அதன் வேர் தோட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறது. லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி, அதில் டிரெஸர் எனும் மருத்துவ உதவியாளர். டாக்டர் எப்போதாவது வருவார். அன்றாடம் வைத்தியம் பார்த்தது டிரெஸர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. பாட்டிலில் தண்ணி மருந்து, காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்கு ஊசி என்பதே அங்கே கண்ட வைத்தியம். வைத்தியம் என்றால் ஏதோ ஒன்று உடம்புக்குள் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கே படிந்து, பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் போய், ஆட்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறிய பிறகும் அந்த எதிர்பார்ப்பு கூடவே குடிவந்துவிட்டது.

இதன் விளைவு ஆன்டிபயாட்டிக்கில் தெரியும். சளி, ஃப்ளூ போன்றவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும். இது தெரிந்தும் ஒரு தனியார் டாக்டர் ஏன் எழுதிக் கொடுக்கிறார்? கொடுக்காவிட்டால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். டாக்டர் பார்ப்பதற்கான கட்டணத்தை 2006-ஆம் ஆண்டின் தனியார் கிளினிக் விதிகள் 10 முதல் 35 வெள்ளி வரை என்று வகுத்தன, "பார்த்ததுக்கு மட்டும் காசா?" என்று கேட்கிற நோயாளியிடம் மருந்து கொடுக்காமல் அந்தப் பணத்தை வாங்குவது சங்கடம். ஆக, கிளினிக் நோயாளியின் மனப்பதிவுக்கு அடிபணிகிறது. திருப்தி கூடுகிறது, வைத்தியம் கெடுகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது, செலவும் இல்லை. மருந்து கொடுக்காததற்குக் காரணம் சொல்வது. "இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் கேட்காது. மூணு நாலு நாள் இப்படித்தான் இருக்கும். மூச்சு வாங்கினா, வாந்தி நிக்காம போனா, சாப்பிட முடியாம போனா உடனே வாங்க, நேரம் பார்க்காதீங்க." இதைக் கேட்டுவிட்டுப் போகிறவரின் எதிர்பார்ப்பு வேறு. நான்காம் நாளும் காய்ச்சல் இருந்தால் டாக்டர் தோற்றுவிட்டதாக அவர் நினைக்க மாட்டார். சொன்ன மாதிரியே நடக்கிறது என்று நினைப்பார்.

சரி, இந்தப் பகுதியின் சாரம்: திருப்தியைக் கூட்ட இரண்டு வழி. கேட்டதையெல்லாம் கொடுப்பது ஒன்று, எதிர்பார்ப்பை உண்மையோடு பொருத்துவது இன்னொன்று. முதல் வழி மருத்துவத்தில் ஆபத்து.

## மூன்று மணி நேரம், அதில் கோபம் எவ்வளவு நேரம்?

அரசாங்க ஆஸ்பத்திரி பற்றிய புகாரில் நிறைய காத்திருப்பைப் பற்றித்தான் இருக்கும். கடிகாரத்தில் ஓடும் நேரம் வேறு, மனதில் ஓடும் நேரம் வேறு. 1985-இல் டேவிட் மைஸ்டர் என்பவர் வரிசையில் நிற்பதன் மனநிலையைப் பற்றி எழுதினார். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளம். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீளம். அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பு, நியாயமாகத் தோன்றுவதைவிட நீளம்.

அவசரப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் நேர்கின்றன. நமக்குப் பின்னால் வந்தவரை முதலில் கூப்பிடுகிறார்கள். தெரிந்தவராக இருக்கும் என்று முடிவு கட்டுகிறோம். உண்மையில் அங்கே நடப்பது தரம் பிரித்தல்; வந்த வரிசைப்படி அல்லாமல், உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதைப் பார்த்து முறை வகுப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை. மாரடைப்பு சிவப்பு, இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் பச்சை. பச்சையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் அது ஒரு வகையில் நல்ல செய்தி. ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டும். மிஸி ஒருவர் வந்து, "ரெண்டு பேர் ரொம்ப மோசமா வந்திருக்காங்க, டாக்டர் அங்கே இருக்கார், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றால் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. கோபம் குறையும்.

சுவரில் தொங்கும் பியாகாம் பெலாங்கான் (வாடிக்கையாளர் சாசனம்) இந்த வேலைக்காக வந்ததுதான். 1993 முதல் அரசாங்க அலுவலகங்கள் இன்ன நேரத்துக்குள் இன்ன சேவை என்று எழுதி மாட்ட வேண்டும். எண்ணம் அருமை. சுவரில் மாட்டியதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

தோட்டத்திலிருந்து வருகிறவருக்குக் காத்திருப்பின் கணக்கு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றாடக் கூலிக்காரருக்கு மூன்று மணி நேரம் என்பது அரைநாள் சம்பளம். மைசெஜாத்ரா எனும் அரசாங்கச் சுகாதாரச் செயலியில் 10.30-க்கு அப்பாயின்மெண்ட் போட்டுக் கொடுக்கலாம்; ஆனால் அவர் வரும் வேன் ஏழு மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடும். 10.30-க்குப் பார்த்துவிட்டால் கிளினிக்கின் கணக்கில் காத்திருப்பு பூஜ்யம், அவர் கணக்கில் மூன்றரை மணி நேரம். நிர்வாகத்தின் புள்ளிவிவரமும் நோயாளியின் அனுபவமும் இப்படித்தான் விலகிப் போகின்றன. பரசுராமன் குழுவினர் 1985-இல் வரைந்த இடைவெளி மாதிரியில் முதல் இடைவெளியே இதுதான்: வருகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருப்பது.

## பேனருக்கு முன்னால் ஆறு வேலை

மார்க்கெட்டிங் பாடத்தில் நான்கு கூறுகள் என்று சொல்வார்கள்: என்ன கொடுக்கிறோம், என்ன விலை, எந்த இடத்தில், எப்படித் தெரியப்படுத்துகிறோம். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்தது. சோப்பு விற்க இது போதும். சேவைக்குப் போதாது என்று 1981-இல் பூம்ஸ், பிட்னர் என்ற இருவர் மேலும் மூன்றைச் சேர்த்தார்கள்: சேவை செய்யும் ஆட்கள், நடைமுறை, கண்ணில் படும் சான்று. ஆக ஏழு. பேனர் அதில் ஒன்றின் ஒரு பகுதி. மற்ற ஆறையும் விட்டுவிட்டுப் பேனரில் மட்டும் காசைக் கொட்டினால், செய்ய முடியாததைச் சொல்லி எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, கிளினிக் நடத்துகிறவர்களே அதிருப்தியை விலைக்கு வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

சின்ன ஊரில் இன்னொரு சிக்கல், நோயாளியும் வாடிக்கையாளரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. தோட்டக் கம்பெனியோ தொழிற்சாலையோ தன் ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்ட பேனல் கிளினிக் வைத்திருக்கும். பணம் கட்டுவது முதலாளி, படுத்துக் காட்டுவது தொழிலாளி. முதலாளிக்குச் செலவு குறைய வேண்டும், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) அதிகம் போகக்கூடாது. தொழிலாளிக்கு இடுப்புவலி நிற்க வேண்டும், எம்.சி. வேண்டும். நடுவில் இருக்கும் டாக்டர் யாருடைய மனப்பதிவைக் காப்பாற்றுவார்? தொழிலாளி இப்போது வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருந்தால் அவர் குரல் இன்னும் மெலிது.

லாபம் தேடாத மார்க்கெட்டிங்கும் உண்டு. மக்களின் நடத்தையை அவர்கள் நன்மைக்காக மாற்ற இதே முறைகளைப் பயன்படுத்துவதற்குச் சமூக மார்க்கெட்டிங் என்று 1971-இல் ஃபிலிப் கோட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் பெயரிட்டார்கள். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. பணம் தடையில்லை. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, போய் ஏன் வியாதியை வாங்கிக்கிட்டு வரணும்?" என்ற எண்ணம்தான் தடை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே மற்றவர்களைவிடக் கூடுதல். இதற்குத் துண்டுப் பிரசுரம் அச்சடிப்பதைவிட, கோயில் திருவிழாவுக்கு முதல் வாரம் கோயிலடியிலேயே மேசை போட்டு விரலில் குத்திப் பார்ப்பது நல்ல மார்க்கெட்டிங்.

எதைச் செய்யக்கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்பு நீர், புற்றுநோய், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உட்பட 20 வகை நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. மருந்து, மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றதில் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண் இருக்கும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் "90 நாளில் இனிப்பு நீர் காணாமல் போகும்" என்று வரும் படத்தில் இந்த எண்களைத் தேடிப் பாருங்கள். அனுப்பியவர் சொந்த மாமாவாக இருந்தாலும் பாருங்கள்.

## திருப்தி, அனுபவம், தரம்

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இத்துறையில் பெரிய தவறு. தரத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு 1966-இல் அவெடிஸ் டொனபீடியன் ஒரு வழி காட்டினார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்தார்கள், என்ன பலன் கிடைத்தது. திருப்தி என்பது நோயாளியின் மகிழ்ச்சி. கழித்தல் கணக்கில் பார்த்தோம். அனுபவம் என்பது நடந்ததைக் கேட்பது. "டாக்டர் நல்லவரா?" என்பது திருப்திக் கேள்வி. "புது மருந்தை எதற்காகக் கொடுக்கிறார் என்று டாக்டர் சொன்னாரா?" என்பது அனுபவக் கேள்வி. இரண்டாவதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம்.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2012-இல் ஜோஷுவா ஃபென்டன் குழு, அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்தது. மிகவும் திருப்தி என்று சொன்னவர்களிடையே மருந்துச் செலவும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் கூடுதல், இறப்பும் கூடுதல். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் திருப்தி மதிப்பெண்ணைத் தரச் சான்றிதழாக மாட்டி வைப்பவர்கள் யோசிக்க வேண்டிய முடிவு. மறுவருடமே 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் குழு, நோயாளியின் அனுபவம் நன்றாக இருக்கும் இடங்களில் பாதுகாப்பும் வைத்தியப் பலனும் சேர்ந்தே நன்றாக இருப்பதாகச் சொன்னது. இரண்டும் முரணாகத் தெரியலாம். ஒன்று மகிழ்ச்சியை அளக்கிறது, மற்றது பெரும்பாலும் விளக்கம், மரியாதை, முடிவெடுப்பதில் பங்கு ஆகியவற்றை அளக்கிறது என்று பார்த்தால் முரண் பெரிதாக இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், நோயாளி சொல்வது எல்லாம் தரத்துக்குச் சாட்சி ஆகாது. தன்னிடம் என்ன சொன்னார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அவரைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

## கடைசிக் கவுண்டர்

1996-இல் டேனியல் கானமனும் டொனால்ட் ரெடல்மையரும், வலி தரும் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டவர்கள் அதைப் பிறகு எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பது அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. வலி உச்சத்தில் இருந்த நேரமும் கடைசி நிமிடங்களும்தான் நின்றன.

கிளினிக்கில் கடைசி நிமிடம் நடப்பது டாக்டர் அறையில் இல்லை, மருந்து கவுண்டரில். பத்து நிமிடம் பொறுமையாகப் பேசிய டாக்டரின் உழைப்பெல்லாம், ஐந்து பாக்கெட்டைத் தள்ளிவிட்டு "பாகி, மாலாம்" (காலை, இரவு) என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடும் அந்த இடத்தில் போய்விடும். வைத்தியம் கெடுவதும் அங்கேதான். டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 விழுக்காட்டை நோயாளி உடனே மறந்துவிடுகிறார் என்று 2003-இல் ராய் கெசெல்ஸ் எழுதினார். இதற்கு எளிய வழி, சொன்னதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வது. "பாட்டி, இந்த வெள்ளை மாத்திரையை எப்போ சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்?" இருபது வினாடி வேலை. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதைப் பாட்டி தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பேத்தி கூட வந்திருந்தாலும் பாட்டியைத்தான் கேட்க வேண்டும், மாத்திரையை எடுத்துச் சாப்பிடப் போவது பாட்டி.

இவ்வளவுக்குப் பிறகும் குறை வரும். அப்போது காப்பிக் கடையில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். அரசாங்க இடம் என்றால் சிஸ்பா என்ற பொதுப் புகார் முறை இருக்கிறது. தனியார் இடம் என்றால், நோயாளியின் குறையைக் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ வசதிகள் சட்டம் சொல்கிறது. எழுதும்போது "மிஸி மோசம், சேவை சரியில்லை" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. தேதி, நேரம், எந்தக் கவுண்டர், நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அதனால் என்ன ஆனது என்று எழுதுங்கள். "காலை 9.40-க்கு இரண்டாம் கவுண்டரில் அம்மாவுக்கு இன்சுலின் போடும் முறையைக் கேட்டோம், டப்பாவில் எழுதியிருக்கிறது என்றார்கள், எங்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று இருந்தால், மேற்பார்வையாளர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கவுண்டருக்குப் போய்க் கேட்க முடியும்.